மலைமண்ணில் தவிட்டுப்பழம்: வாசகர் கேள்வி – பதில்

நுவரெலியாப் பக்கத்துப் புல்வெளிகளிலும் காட்டோரங்களிலும் தானாக வளரும் தவிட்டுப்பழச் செடியை வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பது பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வந்தது. அதைப் படித்து மலையகத்தின் பல பகுதிகளிலிருந்தும் வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

எங்கள் தோட்டத்து மேல்மலையில், புல்வெளி ஓரமாக, இளஞ்சிவப்புப் பூப் பூக்கும் புதர்கள் நிறைய நிற்கின்றன. சிலர் அதைத் தவிட்டுப்பழம் என்கிறார்கள், சிலர் போவிட்டியா என்கிறார்கள். எப்படிப் பிரித்தறிவது? தவிட்டுப்பழமாக இருந்தால் ஒன்றைப் பிடுங்கி வந்து நடலாமா? – வாசகர், கந்தப்பளை

இரண்டும் ஒரே இடத்தில் வளரும், பூவின் நிறமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் தூரத்திலிருந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓர் இலையைப் பறித்துத் திருப்பிப் பாருங்கள். தவிட்டுப்பழத்தின் முதிர்ந்த இலை மேற்பக்கம் வழுவழுப்பாக, கரும்பச்சையாக இருக்கும். அடிப்பக்கம் சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில் மெத்தென்று ரோமம் படர்ந்திருக்கும். அடியிலிருந்து நுனிவரை மூன்று நரம்புகள் தெளிவாக ஓடும். போவிட்டியா வகைகளின் இலையிலும் மூன்று அல்லது ஐந்து நரம்புகள் அப்படியே ஓடும், எனவே நரம்பை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். விரலால் தடவினால் அது இரு பக்கமும் சொரசொரக்கும், அடிப்பக்கம் வெள்ளையாக இராது.

பூ இருந்தால் இன்னும் சுலபம். தவிட்டுப்பூ ஐந்து இதழ் கொண்டது, ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடிய அகலம். நடுவில் எண்ண முடியாத அளவுக்குக் கேசரங்கள் குச்சி குச்சியாக நிற்கும். அவற்றின் காம்பு சிவந்தும் நுனி மஞ்சளாகவும் இருக்கும். பூ விரிந்த அன்று நல்ல ரோஸ் நிறம், போகப்போக வெளுத்துவிடும். ஆகவே ஒரே செடியில் இரண்டு மூன்று சாயல்களைக் காணலாம். போவிட்டியாப் பூவில் கேசரங்கள் சிலவே, அவையும் வளைந்திருக்கும். பழத்தைப் பொறுத்தவரை தவிட்டுப்பழம் முழுதாகவே மென்மையாகும், வெடிக்காது. தலையில் கொய்யாவுக்கு இருப்பதுபோல ஐந்து சிறு புல்லி இதழ்கள் மகுடமாக ஒட்டியிருக்கும். கொய்யாவின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இது. தாவரவியலில் ரோடோமிர்டஸ் டொமென்டோசா என்று பெயர்.

பிடுங்கி வருவதை நாங்கள் கடுமையாகத் தடுப்போம். ஹோர்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா. அங்கிருந்தும், ஹக்கல போன்ற ஒதுக்கங்களிலிருந்தும் செடி, பழம், விதை எதை எடுத்தாலும் சட்டப்படி குற்றம். தோட்ட நிலத்தில் நிற்கும் புதராக இருந்தாலும் வளர்ந்த செடியின் வேர் ஆழமாகவும் பரந்தும் போயிருக்கும். மம்பட்டி போட்டு எடுக்கும்போது உணவு உறிஞ்சும் நுண்வேர்கள் மண்ணோடு நின்றுவிடும், உங்கள் கைக்கு வருவது தடித்த வேர் மட்டுமே. அப்படி நட்டது முதலில் பச்சையாக நிற்கும், பிறகு கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வரும். நிலத்துக்குப் பொறுப்பானவரிடம் கேட்டு, பழுத்த பழம் பத்து எடுத்து வாருங்கள். ஒரு வேலிக்குப் போதுமான நாற்று அதிலேயே கிடைக்கும்.

விதையிலிருந்து நாற்று எடுக்கப் பார்த்தேன். ஒரு முறை முளைக்கவே இல்லை. இன்னொரு முறை முளைத்த எல்லாம் ஒரே வாரத்தில் சாய்ந்து செத்துவிட்டன. எங்கே பிழை? – வாசகி, கொட்டகலை

முளைக்காததற்கும் முளைத்துச் சாய்ந்ததற்கும் காரணங்கள் வேறு வேறு. வரிசையாகச் சொல்கிறோம்.

கருஊதா நிறமாகி, விரலால் அழுத்தினால் குழியும் அளவு பழுத்த பழத்தையே எடுங்கள். சிவப்புப் பருவத்துப் பழத்தில் விதை முற்றியிராது. ஒரே புதரிலிருந்து எடுக்காமல் மூன்று நான்கு புதர்களிலிருந்து எடுத்தால் நாற்றுகளில் வகை இருக்கும். பழத்தைப் பிளந்து, சதையை ஒரு கிண்ணத் தண்ணீரில் பிசைந்து, தேநீர் வடியில் ஊற்றித் தேயுங்கள். விதைகள் மிகச் சிறியவை, தட்டையானவை. ஒரு பழத்திலேயே பல பத்து விதைகள் இருக்கும். மீண்டும் தண்ணீரில் போட்டால் நல்ல விதை அடியில் தங்கும், சக்கையும் சொத்தையும் மிதக்கும். மிதப்பதை ஊற்றிவிட்டு, மீதியைக் காகிதத்தில் பரப்பி நிழலில் ஒரு நாள் உலர்த்துங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைக்க வேண்டாம். உலர்ந்ததும் தாமதிக்காமல் போடுங்கள்.

தட்டு மூன்று அங்குல ஆழம் போதும், அடியில் துளைகள் கட்டாயம். மண்கலவைக்கு, இதுவரை பயிர் செய்யாத மண்திட்டின் செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலைமக்கு ஒரு பங்கு. எல்லாவற்றையும் சலித்துக்கொள்ளுங்கள். வீடு கட்டக் குவித்த மணலில் சீமெந்து கலந்திருந்தால் தொடவே வேண்டாம். தேயிலைத் தவறணைக்கு (நாற்றுமேடைக்கு) மண் தேர்வதுபோலவே இதற்கும் தேர்ந்தால் சரி. தேயிலைக்குப் பிடித்த பி.எச். (மண்ணின் அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 4.5 முதல் 5.5 வரையான அமில மண்தான் தவிட்டுக்கும் பிடிக்கும்.

முளைக்காமல் போனதற்குப் பெரும்பாலும் ஆழமே காரணம். இவ்வளவு சிறிய விதையை அரை அங்குலம் புதைத்தால் அது மேலே வர வலுவில்லாமல் உள்ளேயே முடிந்துவிடும். கலவையை நனைத்து, மேற்பரப்பைத் தட்டிச் சமமாக்கி, விதையைக் கொஞ்சம் உலர்ந்த மணலோடு கலந்து தூவுங்கள். அதன்மேல் மண் போட வேண்டியதில்லை. போட்டே தீர வேண்டுமென்றால் சலித்த மணலை விதை மறைந்தும் மறையாமலும் தூவினால் போதும். தட்டைக் கண்ணாடியாலோ பொலித்தீனாலோ மூடி, நேர்வெயில் படாத ஆனால் வெளிச்சமுள்ள இடத்தில் வையுங்கள். இருட்டறையில் வைக்கக்கூடாது. குளிர்ந்த இடங்களில் முளைக்க ஒரு மாதத்துக்கு மேல், சில வேளை இரண்டு மாதம்வரை எடுக்கும். மூன்றாம் வாரத்திலேயே நம்பிக்கையிழந்து தட்டைக் கொட்டிவிடாதீர்கள்.

இனி, சாய்ந்த நாற்றுகள். தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் நீர் கோத்ததுபோலக் கறுத்து, நூல்போல மெலிந்து, அப்படியே படுத்துவிட்டிருக்கும். அது பூஞ்சண நோய். ஈரமும் அடைத்த காற்றும் சேர்ந்தால் ஒரு மூலையில் தொடங்கி ஓரிரு நாளில் தட்டு முழுவதும் பரவும். முதல் முளை தெரிந்த அன்றே மூடியை ஒரு விரல் இடைவெளிக்குத் திறந்து, ஒரு வாரத்துக்குள் முழுதாக எடுத்துவிடுங்கள். மேலிருந்து ஊற்றாமல், தட்டை ஓர் அங்குலத் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடுங்கள். மேல்மண் நிறம் வெளிறிய பிறகே அடுத்த தண்ணீர். விதையை நெருக்கமாகத் தூவுவதும் இந்நோயைக் கூப்பிட்டு வைப்பதுதான்.

நான்கு உண்மை இலை வந்ததும், ஐந்து அங்குல அகலமும் எட்டு அங்குல உயரமும் உள்ள பொலித்தீன் பைகளுக்கு மாற்றுங்கள். பிடிப்பதானால் இலையைப் பிடியுங்கள், தண்டைப் பிடித்தால் நசுங்கும். முதல் பதினைந்து நாள் நிழல், பிறகு மெல்ல மெல்ல வெயில். எட்டு அங்குலம் வளர்ந்த நாற்று தோட்டத்துக்குத் தயார். பெரும்பாலும் மூன்றாம் ஆண்டளவில் பூக்கத் தொடங்கும்.

கம்பு வெட்டி வைத்தால் வராதா? – வாசகர், லிந்துலை

வரும், ஆனால் பல கம்புகள் வைத்துச் சில பிழைக்கும். அதைவிடப் பதியம் நல்லது. தாழ்ந்த கிளையொன்றை வளைத்து, மண்ணில் படும் இடத்தில் பட்டையை ஓர் அங்குலம் லேசாகச் சீவி, மூன்று அங்குலம் மண் மூடி, மேலே ஒரு கல்லை வையுங்கள். நுனி வெளியே நிற்க வேண்டும். ஒரு மழைக்காலம் முழுவதும் விட்டுவிட்டு, வேர் பிடித்ததைப் பார்த்த பின்பே தாயிடமிருந்து வெட்டுங்கள்.

எங்கள் மரக்கறித் தோட்டத்தின் ஒரு மூலையில் நான்கு செடி நட்டேன். எருவும் நிறையப் போட்டேன். ஆறு மாதமாகியும் வளர்ச்சியில்லை, புது இலை எல்லாம் மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. இன்னும் என்ன உரம் போடலாம்? – வாசகர், வெலிமடை

ஒன்றும் போடாதீர்கள். நீங்கள் எழுதிய அறிகுறியே பதிலையும் சொல்லிவிட்டது. பழைய இலை மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. புது இலை மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை என்று பொருள். இரும்பு உங்கள் மண்ணில் இல்லாமலில்லை. மலையகத்துச் செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். மண்ணின் அமிலம் குறைந்துவிட்டதால் அந்த இரும்பு கரையாமல் பூட்டப்பட்டுக் கிடக்கிறது.

அமிலம் ஏன் குறைந்தது? கோவா, கரட், லீக்ஸ், கிழங்கு பயிரிடும் நிலத்துக்குப் பல ஆண்டுகளாகச் சுண்ணாம்பும் டொலமைட்டும் போட்டு வருகிறோம். மரக்கறிக்கு அது தேவை, அதில் குறையில்லை. அதோடு கோழி எருவையும் கவனியுங்கள். முட்டைக் கோழிகளின் தீவனத்தில் ஓட்டுக்காகச் சுண்ணச்சத்து கூடுதலாகச் சேர்க்கப்படுகிறது. அதில் ஒரு பகுதி எருவோடு உங்கள் மண்ணுக்கு வந்து சேரும். மூன்றாவது, அடுப்புச் சாம்பல். வீட்டுத் தோட்டத்தில் எந்தச் செடி வாடினாலும் ஒரு சிரட்டை சாம்பலைக் கொட்டுவது நம் பழக்கம். தக்காளிக்கும் வாழைக்கும் நல்லதாக இருக்கலாம். தவிட்டுக்கு அது நஞ்சுக்குச் சமம். நான்காவது, சவர்க்காரத் தண்ணீர். குழாயடியிலிருந்து துணி துவைத்த தண்ணீர் ஓடிவரும் கானின் ஓரத்திலும், புதிதாகப் பூசிய சீமெந்துச் சுவரின் அடியிலும் இச்செடியை வைக்காதீர்கள்.

உங்கள் மண் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்கு ஓர் அடையாளம் அநேக வீடுகளின் முற்றத்திலேயே நிற்கிறது: ஹைட்ரேஞ்சியா. நன்கு அமிலமான மண்ணில் அதன் பூங்கொத்து நீலமாக இருக்கும், சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இளஞ்சிவப்பாகும். அமில மண்ணில் அலுமினியம் கரைந்து செடிக்குள் போவதாலேயே நீலம் வருகிறது. ஒரே வரிசையில் சுவரோரச் செடி சிவப்பாகவும் நான்கடி தள்ளி நிற்பது நீலமாகவும் பூப்பதைப் பார்க்கலாம். நீலம் பூக்கும் பக்கத்தில் தவிட்டை நடுங்கள். வெள்ளை ஹைட்ரேஞ்சியா நிறம் மாறாது, அதை வைத்துக் கணிக்க முடியாது. சரியான எண் வேண்டுமானால், நடும் இடத்தில் ஐந்தாறு புள்ளிகளில் ஆறு அங்குல ஆழம்வரை மண் எடுத்துக் கலந்து, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

திருத்துவது எப்படி? பி.எச். ஆறரையிலிருந்து ஐந்தரைக்கு இறங்க வேண்டுமானால், நடுத்தர மண்ணில் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 100 கிராம் கந்தகத் தூள் தேவைப்படும், களி கூடிய மண்ணில் இன்னும் அதிகம். செடி நிற்கும் இடத்தில் ஒரே தடவையில் போட வேண்டாம். 50 கிராமைத் தூவி, மேல் இரண்டு அங்குலத்தில் லேசாகக் கிளறிவிட்டு, மூன்று மாதம் கழித்து மீதியைப் போடுங்கள். சாம்பல்நோய்க்குத் தெளிக்க வைத்திருக்கும் நனையும் கந்தகமும் இதற்கு உதவும். பைக்கட்டில் 80 சதவீதம் என்றிருந்தால் 50க்குப் பதில் 60 கிராம் எடுங்கள். கந்தகத்தை அமிலமாக மாற்றுவது மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள். குளிரில் அவை மெதுவாகத்தான் வேலை செய்யும். மாதங்கள் ஆகும், பொறுத்திருங்கள். வினாகிரி ஊற்றுவதால் பயனில்லை. ஓரிரு நாளில் அதன் தாக்கம் போய்விடும், நுண்வேர்தான் வெந்துபோகும்.

அதுவரை செடியைத் தாங்க, ஒரு லீற்றர் தண்ணீரில் 5 கிராம் பெரஸ் சல்பேற் (இரும்பு உப்பு) கரைத்து, மாலை நேரத்தில் இலைகளின் இரு பக்கமும் நனையத் தெளியுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. அளவைக் கூட்டினால் இலையில் கரும்புள்ளி விழும்.

நான்கு செடிதான் என்பதால் இன்னொரு வழியும் உண்டு, எங்கள் விருப்பமும் அதுவே: மழை தொடங்கும்போது அவற்றை மண்கட்டியோடு எடுத்து, சுண்ணாம்பு படாத வேலியோரத்துக்கு மாற்றிவிடுங்கள். மரக்கறிப் பாத்தியில் வைத்திருந்தால் அடுத்த போகத்தில் மறுபடி டொலமைட் விழத்தான் செய்யும்.

இங்கே மழைக்குக் குறைவில்லை. ஈரம் பிடிக்கும் செடி என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் எங்கள் செடிகள் ஆடி மழையிலேயே வாடி நிற்கின்றன. தண்ணீருக்குள் நிற்கும் செடி எப்படி வாடும்? – வாசகி, மஸ்கெலியா

ஈரம் என்பது வேறு, தேங்கிய நீர் என்பது வேறு. வேருக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். மண்ணின் இடைவெளி எல்லாம் தண்ணீரால் நிரம்பினால் வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, ஆகவே தண்ணீருக்குள் நின்றபடியே இலை தொங்கும். அதைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு. செடியின் பக்கத்தில் ஓரடி தோண்டிப் பாருங்கள். மண் சாம்பல்நீலமாக, கெட்ட முட்டை வாடையோடு இருந்தால் அங்கே காற்று போவதேயில்லை.

நடுமுன் செய்யும் சோதனை இது: ஓரடி ஆழக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி மாலையில் நிரப்புங்கள். காலையில் தண்ணீர் நின்றால் அங்கே குழியில் நடக்கூடாது, மேட்டில் நட வேண்டும். மூன்றடி அகலம், ஒன்றரை அடி உயரம் வருமாறு மேல்மண்ணும் இலைமக்கும் கலந்து மேடு கட்டுங்கள். அமர்ந்தபின் ஓரடி நிற்கும். மேட்டுக்கு மேற்பக்கம் சரிவுக்குக் குறுக்காக ஒரு சிறு கான் வெட்டி, மலையிலிருந்து வரும் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்புங்கள். கானைச் செங்குத்தாகக் கீழே இறக்கினால் மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும். மெல்லிய சாய்வில் எடுத்துச் சென்று, புல் நிறைந்த இடத்திலோ தோட்டத்துப் பெரிய கானிலோ விடுங்கள்.

சமமான நல்ல நிலமாக இருந்தால் ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி போதும். எடுத்த மண் இரண்டு பங்குக்கு இலைமக்கு ஒரு பங்கு. நாற்று பையில் எந்த மட்டத்தில் நின்றதோ அதே மட்டத்தில் நடுங்கள், கழுத்துவரை புதைத்தால் பட்டை அழுகும். செடிக்குச் செடி ஐந்தடி, வேலியாக வேண்டுமென்றால் மூன்றடி. உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழையின் முதல் வேகம் தணிந்த பிறகு நடுவது நல்லது.

எங்களுக்கு நேர்மாறான பிரச்சினை. ஆனி, ஆடி, ஆவணியில் கச்சான் காற்று எல்லாவற்றையும் காயவைத்துவிடும். மல்ச் போடுவதானால் எது நல்லது? பைனஸ் இலை மண்ணை அமிலமாக்கும் என்கிறார்களே? – வாசகர், பண்டாரவளை

பைனஸ் இலை நல்ல மூடாக்கு, ஆனால் அந்தக் காரணத்துக்காக அல்ல. பச்சை இலையில் அமிலம் இருந்தாலும், காய்ந்து மக்கும்போது அது மண்ணின் பி.எச்.ஐ மாற்றும் அளவு சிறிது. அதன் உண்மையான நன்மை, ஒட்டி அடைந்துவிடாமல் காற்றும் மழையும் உள்ளே போக விடுவது. காய்ந்தால் சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்படிக்கும் குப்பை எரிக்கும் இடத்துக்கும் அருகில் போட வேண்டாம். தேயிலைக் கவ்வாத்துக் குச்சியும் இலையும், வெட்டிய மானாப்புல்லும் அதேயளவு நல்லவை. மானாப்புல்லைப் பூ வருமுன் வெட்டிவிடுங்கள்.

எதைப் போட்டாலும் மூன்று நான்கு அங்குலக் கனம், செடியைச் சுற்றி இரண்டடி. தண்டிலிருந்து ஒரு கையகலம் வெற்றிடம் விடுங்கள். தண்டை ஒட்டிக் குவித்தால் ஈரத்தில் பட்டை அழுகும், எலி வந்து கறண்டும்.

உங்கள் பக்கம் நடுகைக்கு ஐப்பசி மழையே ஏற்றது. அடுத்த கச்சானுக்குள் வேர் இறங்கிவிடும். முதல் இரண்டு கோடைக்கும் வாரம் இருமுறை, செடிக்கு ஐந்து லீற்றர். நாளுக்கொரு குவளை ஊற்றினால் மேல் இரண்டு அங்குலம் மட்டும் நனையும், வேரும் மேலேயே தங்கி அடுத்த வெயிலில் கருகும். தென்மேற்குப் பக்கம் உரப்பையைக் கம்புகளில் கட்டி மறைப்பு வையுங்கள். கொஞ்சம் காற்று ஊடுருவினால்தான் நல்லது. தகரம்போல முழுதாக அடைத்தால் காற்று மேலே ஏறிச் சுழன்று மறுபக்கம் செடியையே அடிக்கும்.

தேயிலைச் சக்கையைத் தினமும் செடியடியில் கொட்டலாமா? – வாசகி, தலவாக்கலை

பாலும் சீனியும் சேராத சக்கையானால் கொட்டலாம். ஒரே இடத்தில் குவிக்காமல் மூடாக்கின் அடியில் பரப்புங்கள். அதனால் மண் அமிலமாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், மக்குரமாகத்தான் பயன்படும். உரமே வேண்டுமென்றால், நட்ட ஆறு மாதத்துக்குப் பிறகு செடிக்கு 10 கிராம் அமோனியம் சல்பேற், தண்டிலிருந்து ஓரடி தள்ளி வட்டமாக, மண் ஈரமாக இருக்கும்போது. ஆண்டுக்கு இருமுறை போதும். ஏழை மண்ணில் வாழப் பழகிய செடி இது. அதிகம் ஊட்டினால் இலையாகவே வளரும்.

ஐந்து வயதுச் செடி. ஆள் உயரம் வளர்ந்துவிட்டது, பூப்பது குறைவு, காய்ப்பது அதைவிடக் குறைவு. கவ்வாத்துப் பண்ண வேண்டுமா? – வாசகர், இராகலை

முதலில் வெயிலைப் பாருங்கள். தவிட்டு திறந்த புல்வெளிச் செடி. சைப்ரஸ் வேலியின் நிழலிலோ கூரையின் நிழலிலோ நின்றால் நெடுநெடுவென்று உயரும், பூக்காது. நாளுக்கு ஆறு மணி நேர வெளிச்சம் இல்லையென்றால் மேலே கவியும் கிளையை வெட்டுவதுதான் சிகிச்சை.

கவ்வாத்துத் தேவைதான், ஆனால் தேயிலைக்குச் செய்வதுபோல மட்டம் தட்டாதீர்கள். இளந்தளிர்க் கிளையின் இலைக்கக்கங்களிலேயே பூ வருகிறது. பூக்காலத்துக்கு முன் நுனிகளை வெட்டினால் அந்த ஆண்டுப் பூவையே வெட்டுகிறீர்கள். கடைசிப் பழம் பறித்த பிறகு, மிகப் பழைய தடித்த தண்டுகளில் நான்கில் ஒன்றை மட்டும் அடியோடு எடுங்கள். மற்றவற்றை நெஞ்சு உயரத்துக்குக் குறையுங்கள். அடுத்த ஆண்டு இன்னொரு கால்பங்கு. ஒரேயடியாகக் கட்டையாக்கினால் துளிர்க்கும், ஆனால் ஒரு பருவப் பழம் போய்விடும்.

பூத்தும் காய் நிற்கவில்லையென்றால் தேனீ வருகிறதா என்று காலையில் நின்று பாருங்கள். பக்கத்துக் கிழங்குப் பாத்திக்குக் காலையில் பூச்சிநாசினி அடித்தால் தேனீ இந்தப் பக்கமே வராது. மாலையில் அடிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இலைமேல் கரிபோல் கறுப்புப் படிந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அது செதில்பூச்சி கசியவிடும் தேன்நீரில் வளரும் பூஞ்சணம். எறும்பு ஏறும் தண்டைப் பின்தொடர்ந்தால் பூச்சி இருக்கும் கிளை தெரியும். கடுமையாகப் பிடித்த கிளையை வெட்டி எரியுங்கள். மற்றதுக்கு ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி திரவச் சவர்க்காரம் கலந்து இலையின் அடிப்பக்கம் படத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். இந்தக் கலவை மண்ணில் அதிகம் வடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தவிட்டுப்பழத்தைவிடப் புளூபெரி வைத்தால் இலாபமில்லையா? மண் ஒன்றுதானே? – வாசகர், நானுஓயா

மண் ஒன்றுதான், குளிர் ஒன்றல்ல. புளூபெரி வகைகளுக்கு ஆண்டுக்குச் சில நூறு மணி நேரமாவது ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழான குளிர் வேண்டும். அது கிடைத்தால்தான் மொட்டு ஒழுங்காக விரியும். நுவரெலியாவில் தை, மாசியில் சில இரவுகள் உறைபனி கொட்டினாலும் பகல் சூடாகிவிடுகிறது. குறைந்த குளிர் கேட்கும் வகைகளைத் தொட்டியில் வைத்துப் பார்க்கலாம், ஆனால் பணம் போட்டுப் பயிராக்க நாங்கள் சொல்ல மாட்டோம். தவிட்டு இந்தக் குளிருக்கும் இந்த மழைக்கும் பிறந்த செடி. கடும் பனி விழும் பள்ளத்தில் மட்டும், முதல் ஆண்டு நாற்றுக்கு இரவில் உரப்பை மூடி, காலையில் எடுத்துவிடுங்கள்.

பழத்தை எப்போது பறிப்பது? ஜேம் செய்தால் விதை நெருடுகிறது. – வாசகி, அப்புத்தளை

நிறம் கறுத்தால் மட்டும் போதாது. மேலே வெண்மாப்போலப் பூசிய மெல்லிய ரோமம் குறைந்து, தொட்டதும் காம்பிலிருந்து கழன்று வர வேண்டும். இழுத்துப் பறிக்க வேண்டியிருந்தால் இன்னும் துவர்க்கும். ஒரே நாளில் எல்லாம் பழுக்காது. இரண்டு நாளுக்கொரு முறை சுற்றி வாருங்கள், பிந்தினால் குருவிகள் முந்திவிடும். பறித்த பழம் இரண்டு மூன்று நாளுக்கு மேல் நிற்காது.

ஜேமுக்கு ஒரு கிலோ பழத்தின் மகுடத்தைக் கிள்ளி எறிந்து, அரைக் கோப்பைத் தண்ணீரில் பத்து நிமிடம் மெல்லிய தீயில் வேகவிட்டு மசியுங்கள். சூட்டோடு நெருக்கமான சல்லடையில் கரண்டியால் தேய்த்தால் விதை மேலே நின்றுவிடும். மிக்சியில் அரைத்தால் விதை உடைந்து கசப்பும் நெருடலும் ஏறும், உங்களுக்கு நேர்ந்தது அதுவாக இருக்கலாம். கிடைத்த கூழை நிறுத்து, கிலோவுக்கு 750 கிராம் சீனியும் இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளியும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். குளிர்ந்த பீங்கானில் ஒரு சொட்டு விட்டு, விரலால் தள்ளும்போது சுருக்கம் விழுந்தால் இறக்கலாம். அலுமினியச் சட்டி வேண்டாம், எவர்சில்வர் நல்லது. வியட்நாமில் இதே பழத்தை ஊறவைத்து மது செய்கிறார்கள். இங்கே ஜேமும் பாணியும் போதும்.

அமெரிக்காவில் புளோரிடாவில் இருக்கும் என் தம்பி கொஞ்சம் விதை கேட்கிறான். அனுப்பலாமா? – வாசகர், பதுளை

கூடாது. அழகுக்காகக் கொண்டுபோன இச்செடி புளோரிடாவிலும் ஹவாயிலும் காடாகப் பரவி, அங்குள்ள சொந்தச் செடிகளை நெருக்கிவிட்டது. இரு மாநிலங்களிலும் அது தடை செய்யப்பட்ட களைப் பட்டியலில் இருக்கிறது. பறவைகள் பழத்தைத் தின்று விதையைத் தூரத்துக்குக் கொண்டுபோவதால் தோட்டத்துக்குள் அடக்கி வைக்கவும் முடியாது. நம் ஹோர்டன் சமவெளியில் ஐரோப்பாவிலிருந்து வந்த மஞ்சள் பூ முட்செடி, யூலெக்ஸ், என்ன செய்கிறதோ அதையே நம் தவிட்டு அங்கே செய்கிறது. தம்பிக்கு ஜேம் போத்தல் ஒன்று எடுத்து வையுங்கள், ஊருக்கு வரும்போது சாப்பிடட்டும்.